கல்தச்சர் மகன் ஹிரோட்டா

போர்க்குற்றவாளி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது, சீருடையும் வாளும் பதக்கங்களும் தரித்த ஒரு தளபதியின் உருவமே. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் டோக்கியோவில் கூடிய பன்னாட்டு இராணுவ நீதிமன்றம் எழுவருக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. அவர்களுள் அறுவர் அப்படிப்பட்ட தளபதிகள். ஏழாமவர் படையில் ஒரு நாளும் பதவி வகிக்காதவர். கல்தச்சர் ஒருவரின் மகன். படித்து முன்னுக்கு வந்து, தூதராகி, அமைச்சராகி, பிரதமருமானவர். அவர் பெயர் கோகி ஹிரோட்டா.

டோஜோவைப் பற்றி எழுதச் சொன்னால் நம் வகுப்பில் எவரும் எழுதிவிடுவர். அவர் செய்ததும் தெரியும், முடிவும் தெரியும். ஹிரோட்டாவின் கதை அத்தகையது அன்று. அவர் குற்றவாளியா இல்லையா என்பதில் அவரை விசாரித்த நீதிபதிகளுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. வரலாற்று மாணவனாகிய எனக்கு இந்த மனிதர்மீது ஈர்ப்பு ஏற்பட்டது அதனால்தான். அவர் செய்தவற்றைக் காட்டிலும் செய்யாமல் விட்ட ஒன்றுக்காகவே அதிகம் பேசப்படுகிறவர் அவர்.

ஜப்பானின் தென்பகுதித் தீவாகிய கியூஷுவில், ஃபுக்குவோக்கா நகரில், 1878 பிப்ரவரி 14 அன்று அவர் பிறந்தார். தந்தை கல்லுடைத்துச் செதுக்கிப் பிழைத்தவர். பெற்றோர் இட்ட பெயர் ஜோட்டாரோ. கையெழுத்தில் சிறுவயதிலேயே பெயர் பெற்ற பிள்ளை. தந்தை அவ்வூர்த் தென்மாங்கு கோயிலுக்குக் கல் தோரண வாயில் அமைத்துக் கொடுத்தபோது, அதன் நெற்றியில் பொறிக்க வேண்டிய எழுத்துக்களைப் பதினோரு வயது மகனைக் கொண்டே எழுதச் செய்தார் என்பர். மை தொட்டு மகன் எழுத, உளி பிடித்துத் தந்தை செதுக்கிய அந்தக் கல் இன்றும் அந்நகரில் நிற்கிறது. இளைஞனானபின் தம் பெயரைத் தாமே கோகி என்று மாற்றிக்கொண்டார். கன்பூசியசின் உரைத்தொகுப்பிலிருந்து எடுத்த அப்பெயருக்கு விரிந்த உள்ளமும் உறுதியும் என்று பொருள். அந்த உறுதி என்ற பாதியைப் பிற்காலத்தில் நீதிமன்றமே சோதித்துப் பார்க்கப் போகிறது என்று அந்த இளைஞன் அறிந்திருக்க வழியில்லை.

ஃபுக்குவோக்கா அக்காலத்தில் ஜப்பானியத் தேசியவாதிகளின் கோட்டை. கென்யோஷா என்ற தீவிர நாட்டுப்பற்றுச் சங்கம் அங்கேதான் பிறந்தது. அதன் பெருந்தலைவராகிய மிட்சுரு தோயாமாவின் ஆதரவு ஏழை மாணவனான ஹிரோட்டாவுக்குக் கிடைத்தது. அவர் மணந்த ஷிசுகோவும் அச்சங்கத்தார் ஒருவரின் மகளே. இந்தத் தொடர்பை வைத்து அவரை முழுத் தீவிரவாதி என்று தீர்த்துவிடுவோரும் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகவே படுகிறது. உதவி செய்தவர் கொள்கையெல்லாம் உதவி பெற்றவர் கொள்கையாகிவிடுவதில்லை. ஆனால் அவர்களைப் பகைத்துக்கொள்ளும் துணிவும் எளிதில் வருவதில்லை.

டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1906இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அதே ஆண்டில் அதே பணியில் சேர்ந்த மற்றொருவர் ஷிகேரு யோஷிடா. வாசகர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் ஹிரோட்டா நெதர்லாந்தில் தூதராகவும், 1930 முதல் 1932 வரை சோவியத் ஒன்றியத்தில் தூதராகவும் பணிபுரிந்தார். 1933 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சரானார். சீனக் கிழக்கு இரயில்பாதையைச் சோவியத்திடமிருந்து விலைக்கு வாங்கும் பேரத்தை 1935இல் சண்டையின்றி முடித்தார். சீனாவிலிருந்த ஜப்பானியத் தூதகத்தை அதே ஆண்டில் முழுத் தூதரக நிலைக்கு உயர்த்தினார். பேசித் தீர்ப்பவர் என்ற நற்பெயர் அவருக்கு இருந்தது. ஆயினும் அதே 1935இன் இறுதியில் சீனாவுக்கு அவர் விதித்த மூன்று கோட்பாடுகள், மஞ்சூரியாவில் ஜப்பான் நிறுவிய பொம்மை அரசை நடைமுறையில் சீனா ஏற்க வேண்டும் என்றன. சமாதானம் வேண்டும், ஆனால் பறித்தது கையிலேயே இருக்கவும் வேண்டும் என்ற அரசியல் அது.

இனி வருவதுதான் அவர் வாழ்வின் முடிச்சு.

1936 பிப்ரவரி 26 அதிகாலையில், பனி கொட்டிக்கிடந்த டோக்கியோவில் இளம் படை அதிகாரிகள் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு வீரர்களுடன் கலகத்தில் இறங்கினர். நிதியமைச்சர் தாக்கஹாஷி, முன்னாள் பிரதமர் சைட்டோ முதலியோர் கொல்லப்பட்டனர். பிரதமர் ஒக்காடா என்றெண்ணி அவருடைய மைத்துனரைச் சுட்டுவிட்டுக் கலகக்காரர்கள் வெற்றிக்களிப்பில் இருக்க, பிரதமர் தம் வீட்டிலேயே ஒளிந்திருந்து தப்பினார். கலகம் சில நாட்களில் அடங்கியது. அதை அடக்கிய இராணுவமே அதன் பயனையும் அறுவடை செய்துகொண்டது. இத்தகைய நேரத்தில் பிரதமர் நாற்காலியில் அமர எவருக்குத் துணிவு வரும்? இளவரசர் கொனோயே உடல்நலம் காட்டி மறுத்தார். கல்தச்சர் மகனிடம் பொறுப்பு வந்தது.

அமைச்சர் பட்டியலை அவர் எழுதத் தொடங்கியவுடனேயே இராணுவம் குறுக்கே நின்றது. இவர் ஆகாது, அவர் ஆகாது என்று பெயர்களை அடித்தது. அப்படி அடிபட்ட பெயர்களுள் ஒன்று வெளியுறவு அமைச்சராக ஹிரோட்டா விரும்பிய யோஷிடாவின் பெயர். மேனாட்டாரிடம் மென்மை காட்டுபவர் என்பது அவர்மீது குற்றச்சாட்டு. ஹிரோட்டா இணங்கினார். யோஷிடா தூதராக லண்டனுக்கு அனுப்பப்பட்டார். 1936 மார்ச் 9 அன்று அமைச்சரவை பதவியேற்றது.

இரண்டு மாதங்கள் கழித்து ஒரு விதி மீண்டும் உயிர் பெற்றது. தரைப்படை அமைச்சராகவும் கடற்படை அமைச்சராகவும் வருவோர் பணியிலிருக்கும் தளபதிகளாகவே இருக்க வேண்டும் என்பது அது. 1913இல் இவ்விதி தளர்த்தப்பட்டு, ஓய்வுபெற்ற தளபதிகளும் வரலாம் என்று இருந்தது. அதை ஹிரோட்டா அரசு பழையபடி இறுக்கிவிட்டது. கலகத்துக்குத் துணைநின்று ஓய்வில் அனுப்பப்பட்ட தளபதிகள் பின்வாசல் வழியாகத் திரும்பி வராதிருக்கவே இது என்று இராணுவம் காரணம் சொன்னது. கேட்பதற்கு நல்ல காரணம்தான். ஆனால் அதன் செயல்முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பணியிலிருக்கும் தளபதி எவரும் இராணுவத் தலைமையின் சொல்லைத் தட்ட முடியாது. இராணுவத்துக்குப் பிடிக்காத அமைச்சரவையிலிருந்து படை அமைச்சர் விலகினால் போதும். மாற்று ஆளைத் தர மறுத்தால் போதும். அரசு கவிழ்ந்துவிடும். ஒரு தோட்டாவும் செலவாகாது. 1937 ஜனவரியில் ஓய்வுபெற்ற தளபதி உகாக்கி அமைச்சரவை அமைக்க முடியாமல் கைவிட்டது இவ்விதியால். 1940 ஜூலையில் யோனாய் அமைச்சரவை வீழ்ந்ததும் இவ்விதியால். அரசின் குரல்வளையில் இராணுவம் கைவைத்துக்கொள்ள, அந்தக் கையை எடுத்து வைத்துக் கொடுத்தவர் ஹிரோட்டா. அவர் வாழ்வைப் பற்றிப் படித்தவற்றுள் என்னை மிகவும் உறுத்தியது இதுவே. நீதிமன்றத்தில் பெரிதாகப் பேசப்பட்ட நான்கிங்கைவிட, ஓசையின்றி நிறைவேறிய இந்த ஒரு விதிதான் பின்னால் வந்த அனைத்துக்கும் வாயில் திறந்தது என்பது என் எண்ணம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வடக்கிலும் தெற்கிலும் செல்வாக்கை விரிக்கும் தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று ஹிட்லரின் ஜெர்மனியுடன் பொதுவுடைமை எதிர்ப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1937 ஜனவரியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கும் போர் அமைச்சருக்கும் மூண்ட சொற்போரின் விளைவாக ஹிரோட்டா அமைச்சரவை வீழ்ந்தது. பதினோரு மாத ஆட்சி.

அத்துடன் அவர் ஊருக்குத் திரும்பியிருந்தால் இக்கட்டுரைக்கே வேலையிருந்திராது. 1937 ஜூனில் கொனோயே பிரதமரானபோது ஹிரோட்டா மறுபடியும் வெளியுறவு அமைச்சரானார். ஜூலை 7 அன்று பீக்கிங் அருகே மார்க்கோபோலோ பாலத்தில் வெடித்த சிறு மோதல் பெரும்போராக மூண்டது. டிசம்பர் 13 அன்று சீனத் தலைநகராகிய நான்கிங் ஜப்பானியப் படைகளிடம் வீழ்ந்தது. அதன்பின் அங்கு நடந்தவற்றை விரித்தெழுத என் பேனா கூசுகிறது. சரணடைந்த வீரர்களும் ஊர்மக்களும் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டனர், பெண்கள் சூறையாடப்பட்டனர். முதல் ஆறு வாரங்களில் மட்டும் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று டோக்கியோ நீதிமன்றம் கணித்தது.

நகரில் தங்கிவிட்ட சில வெளிநாட்டார் பாதுகாப்பு வட்டாரம் ஒன்றை அமைத்து, அகதிகளுக்கு அடைக்கலம் தந்தனர். அக்குழுவின் தலைவர் ஜான் ராபே என்ற ஜெர்மானிய வணிகர்; நாஜிக் கட்சி உறுப்பினரும்கூட. வரலாறு சில வேளைகளில் இப்படியும் முரண்டு பிடிக்கிறது! அக்குழுவினர் நாள்தோறும் நடந்த கொடுமைகளைப் பட்டியலிட்டு ஜப்பானியத் தூதரகத்தில் கொடுத்தவண்ணம் இருந்தனர். அச்செய்திகள் டோக்கியோவுக்குச் சென்றன. வெளியுறவு அமைச்சகத்தில் சீன விவகாரங்களைக் கவனித்த இட்டாரோ இஷீ அவற்றைப் படித்து மனம் வெதும்பினார். ஹிரோட்டாவிடமும் அவை சென்றன. ஹிரோட்டா போர் அமைச்சர் சுகியாமாவிடம் எடுத்துச் சொன்னார். நிறுத்தச் செய்கிறோம் என்று உறுதிமொழி வந்தது. கொடுமை நிற்கவில்லை. மேலும் ஒரு மாதமேனும் தொடர்ந்தது. அமைச்சரவைக் கூட்டத்தில் அவர் இதைக் கிளப்பவில்லை.

உரியவரிடம் சொல்லியாயிற்று, மனு கொடுத்தாயிற்று, பதிலும் வந்தாயிற்று என்று கைகழுவிவிட்டுத் திரும்புகிற பழக்கம் நம்மிடமும் இல்லாமலில்லை. அலுவலகங்களின் பாதிக் கோப்புகள் அப்படித்தான் மூடப்படுகின்றன. ஆனால் இங்கே கோப்புக்குள் இருந்தது ஒரு நகரத்தின் உயிர்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய மற்றொரு நிகழ்ச்சி உண்டு. நான்கிங் வீழ்வதற்கு முந்திய நாள், யாங்சி ஆற்றில் நின்ற பனாய் என்ற அமெரிக்கப் போர்ப்படகை ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்தன. செய்தி வந்ததும் ஹிரோட்டா அமெரிக்கத் தூதர் க்ரூவின் இல்லத்துக்குத் தாமே நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார். சில மாதங்களில் 22 லட்சம் டாலருக்குமேல் இழப்பீடும் தரப்பட்டது. ஆக, விரைந்து செயல்பட அவரால் முடியாது என்று எவரும் சொல்ல இயலாது. வல்லரசின் படகு மூழ்கியபோது எழுந்த கால்கள், வலுவற்ற நாட்டின் தலைநகரம் எரிந்தபோது நாற்காலியை விட்டு எழவில்லை. அவர்பால் இரக்கம் கொள்வோர்க்கு நான் கேட்கும் கேள்வி இதுதான்.

இன்னொன்றும் உண்டு. சீனத்தலைவர் சியாங்கை ஷேக்குடன் சமாதானம் பேச ஜெர்மன் தூதர் ட்ரௌட்மன் நடுநின்று முயன்றார். 1938 ஜனவரி நடுவில் அம்முயற்சியைத் தொடரலாமா என்று ஜப்பானிய அரசும் படைத்தலைமையும் கூடிப் பேசியபோது, தொடரலாம் என்று வாதாடியது தரைப்படைத் தலைமையகம். முறித்துவிடலாம் என்று நின்றவர்களுள் ஹிரோட்டா ஒருவர்! இனிச் சியாங் அரசுடன் பேச்சில்லை என்ற அறிவிப்பு ஜனவரி 16 அன்று வெளியாயிற்று. இராணுவத்தின் முன் நடுங்கிய எளியவர் என்று அவரை வரைகிற ஓவியத்தில் இந்த ஒரு நாள் மட்டும் பொருந்தாமல் துருத்திக்கொண்டே நிற்கிறது.

அவ்வாண்டு மே மாதத்தில் அவர் பதவி விலகினார். பின்னர் முன்னாள் பிரதமர்களுள் ஒருவராக அரசனுக்கு ஆலோசனை சொல்லும் நிலையில் இருந்தார். 1945 ஜூனில், தோல்வி வாசலில் நின்றபோது, சோவியத் தூதர் மாலிக்கைச் சந்தித்து சமாதானத்துக்கு வழிதேட முயன்றார். பயனில்லை. ஆகஸ்டில் சோவியத் ஒன்றியமே ஜப்பான்மீது போர் தொடுத்தது, ஜப்பான் சரணடைந்தது, ஆண்டு முடிவதற்குள் ஹிரோட்டாவைக் கைது செய்ய ஆணை பிறந்தது.

1946 மே 3 அன்று, டோக்கியோவின் இச்சிகயா பகுதியில் விசாரணை தொடங்கியது. பதினொரு நாடுகளின் நீதிபதிகள் பதினொருவர். குற்றம் சாட்டப்பட்டோர் இருபத்தெண்மர். தலைமை நீதிபதி ஆஸ்திரேலியாவின் வெப். அந்த மே மாதத்திலேயே ஹிரோட்டாவின் மனைவி ஷிசுகோ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஹிரோட்டா கூண்டில் ஏறித் தமக்காகச் சாட்சி சொல்லவே இல்லை. பிறர்மீது பழி விழுந்துவிடக் கூடாது என்ற பெருந்தன்மை என்பர் சிலர். மனைவியை இழந்தபின் வாழ்வில் பற்றற்றுப் போனார் என்பர் வேறு சிலர். காரணம் எதுவாயினும், தம் தரப்பை வரலாற்றுக்குச் சொல்லக் கிடைத்த ஒரே மேடையை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. வரலாறு படிக்கிறவனுக்கு அது பெரும் இழப்பு.

1948 நவம்பர் 4 முதல் 12 வரை தீர்ப்பு வாசிக்கப்பட்டது. ஆக்கிரமிப்புப் போருக்குச் சதி செய்தது, சீனாவின்மீது போர் நடத்தியது, போர்க்கொடுமைகளைத் தடுக்கும் கடமையில் தவறியது என்னும் மூன்றிலும் ஹிரோட்டா குற்றவாளி என்றது பெரும்பான்மை. கொடுமைகளை ஏவினார் என்ற குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. நான்கிங்கைப் பொறுத்தமட்டில் நீதிபதிகள் சொன்னது இது: நிறைவேறவில்லை என்று தெரிந்தும் உறுதிமொழிகளை நம்பி அவர் அமைதி கொண்டார், கொடுமையை உடனே நிறுத்தும்படி அமைச்சரவையில் வலியுறுத்தாதது கடமை தவறியதாகும்.

இதைப் படிக்கும்போது நமக்கு வள்ளுவரின் அமைச்சு அதிகாரம் நினைவுக்கு வராமற் போகாது. அரசன் தானும் அறியாமல், அறிந்தவர் சொல்லையும் தள்ளுபவனாயினும், உறுதியானதை எடுத்துரைப்பது உடனிருக்கும் அமைச்சனின் கடன் என்பது அவர் வகுத்த நெறி. கேட்பார்களா என்பது அமைச்சனின் கணக்கில் சேராது. ஆனால் வள்ளுவர் அறம் சொன்னார்; அறத்தில் தவறியவனைத் தூக்கில் இடலாமா என்பது வேறு கேள்வி. நீதிபதிகள் பிரிந்த இடமும் அதுவே.

நெதர்லாந்து நீதிபதி ரூலிங், ஹிரோட்டா உள்ளிட்ட ஐவரை விடுதலை செய்திருக்க வேண்டும் என்று தனித் தீர்ப்பு எழுதினார். வெளியுறவு அமைச்சருக்குப் படையின்மீது அதிகாரம் ஏது? அதிகாரம் இல்லாதவனைத் தடுக்கவில்லை என்று தண்டிப்பது எப்படி? இதுவே அவர் வாதத்தின் சாரம். பிரான்சு நாட்டு நீதிபதி பெர்னார்ட், பதினொருவரும் ஒருமுறைகூட ஒன்றாகக் கூடித் தீர்ப்பை வாய்மொழியாக விவாதிக்கவில்லை என்று குறை கூறினார். நம் நாட்டிலிருந்து சென்ற நீதிபதி ராதாபினோத் பாலைப் பற்றி நம்மவர் பலரும் அறிவர். வங்காளத்தில் பிறந்து கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் பணிபுரிந்த அவர், ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட தம் தீர்ப்பில் அனைவரையும் விடுவித்தார். நான்கிங்கில் கொடுமை நடந்ததை அவர் மறுக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பாலின் பெயரைச் சொல்லி அதை மறுப்போர் உளர். கொடுமைக்கும் கூண்டில் நின்றவர்களுக்கும் இடையே சட்டம் கேட்கும் சான்று போதாது என்பதே அவர் முடிவு.

என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. தூக்குத்தண்டனை மிகை என்றே நினைக்கிறேன். படைக்கு ஆணையிட்ட தளபதிக்கும், ஆணையிட முடியாத அமைச்சருக்கும் ஒரே கயிறு என்பது நேரிய அளவுகோலன்று. ஆனால் ரூலிங்கின் வாதத்தை முழுவதும் ஏற்கவும் மனம் ஒப்பவில்லை. அமைச்சரவையில் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போர் அமைச்சர் விலகியிருப்பார், அரசு கவிழ்ந்திருக்கும். ஆகவே பேசிப் பயனில்லை என்பர். அப்படிக் கவிழ்க்கும் வல்லமையை 1936இல் இராணுவத்துக்கு வழங்கியவர் யார்? தாம் பூட்டிய விலங்கையே காரணம் காட்டி ஒருவர் தம் கை கட்டப்பட்டிருந்தது என்று சொல்ல முடியுமா?

நவம்பர் 24 அன்று ஜெனரல் மக்கார்தர் தண்டனைகளை உறுதிசெய்தார். கடைசி முயற்சியாக அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் மனுச் செய்யப்பட்டது. அவ்வழக்கு இன்றும் சட்ட நூல்களில் ஹிரோட்டா எதிர் மக்கார்தர் என்றே வழங்குகிறது. நேசநாடுகள் கூடி அமைத்த நீதிமன்றத்தின் தீர்ப்பில் தலையிடத் தமக்கு அதிகாரமில்லை என்று டிசம்பர் 20 அன்று அந்நீதிமன்றம் கைவிரித்தது. மூன்றே நாட்களில், 1948 டிசம்பர் 23 அன்று நள்ளிரவு கடந்ததும், சுகாமோ சிறையில் எழுவரும் தூக்கிலிடப்பட்டனர். ஹிரோட்டாவுக்கு வயது எழுபது. அன்று ஜப்பானின் பிரதமர் யார் தெரியுமா? இராணுவத்துக்கு ஆகாதவர் என்று பட்டியலிலிருந்து அடிக்கப்பட்ட யோஷிடா! ஒரே ஆண்டில் ஒரே பணியில் சேர்ந்த இருவருள் ஒருவர் பிரதமர் இல்லத்திலும் ஒருவர் தூக்குமேடையிலும்.

எழுவரின் உடல்களும் யோகஹாமாவில் எரிக்கப்பட்டன. சாம்பலை அமெரிக்கர் விமானத்தில் எடுத்துச் சென்று பசிபிக் கடல்மேல் தூவிவிட்டனர் என்பது, அமெரிக்க ஆவணங்கள் வாயிலாக 2021இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1978இல் யாசுக்குனி கோயிலில் போர்வீரர்களின் ஆவிகளோடு இவர்கள் பெயர்களும் சேர்க்கப்பட்டன. படைவீரராக இல்லாத ஹிரோட்டாவை அங்கே சேர்த்ததில் தங்களுக்கு உடன்பாடில்லை என்று அவர் குடும்பத்தார் பிற்காலத்தில் தெரிவித்தனர்.

அரை நூற்றாண்டு கழித்து அவர் பெயர் மீண்டும் ஒரு பன்னாட்டு நீதிமன்றத்தில் ஒலித்தது. இம்முறை ஆப்பிரிக்காவில். 1994இல் ருவாண்டாவில் நடந்த இனக்கொலையை விசாரிக்க, தான்சானியாவின் அருஷா நகரில் நீதிமன்றம் அமைந்திருந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் பிரதமருமல்லர், தளபதியுமல்லர். தாபா என்ற வட்டாரத்தின் தலைவர் ழான் போல் அகாயெசு. முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். நம் ஊராட்சி ஒன்றியத் தலைவரைப் போன்ற ஓர் உள்ளூர் அரசியல்வாதி என்று வைத்துக்கொள்ளலாம். 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு அவரை இனக்கொலைக் குற்றவாளி என்றது. பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று அக்குற்றத்துக்காக ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல் முறை. போர்க்குற்றச் சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். சீருடை அணியாத ஒருவரைக் கீழுள்ளோர் செய்த கொடுமைக்குப் பொறுப்பாளியாக்கலாமா என்று ஆராய்ந்த பகுதியில், நீதிபதிகள் ஹிரோட்டா வழக்கையும் ரூலிங்கின் மாற்றுத் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கமாக எடுத்து வைத்தனர். இரண்டில் எது சரி என்று அவர்கள் சொல்லவில்லை. அவரவர் கையில் உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதை வழக்குக்கு வழக்கு ஆராய்ந்தே முடிவு செய்யவேண்டும் என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குச் சென்றனர்.